வரலாற்று டீச்சர் பதில்கள்: டெக்சாஸில் ஒண்ட வந்தவர்கள்

சென்ற இதழில் "அலமோ என்பது கோட்டையா, கோவிலா?" என்று ஒருவர் கேட்டதற்கு நாலே வரியில் பதில் எழுதினேன். ஸ்பானியத் துறவிகள் 1718-ல் தொடங்கிய மடம், அப்புறம் படைவீடு, 1836-ல் டெக்சாஸ் குடியேறிகள் மெக்சிகோ ராணுவத்தை எதிர்த்து நின்று மாண்ட இடம் என்று சொல்லியிருந்தேன். ஆஸ்டினில் மகள் வீட்டில் ஏழு மாதம் இருந்துவிட்டு வந்தவள் என்பதையும் பெருமையாகச் சேர்த்துவிட்டேன். அதனால் இந்த முறை வந்த கடிதங்களில் பாதி டெக்சாஸ் பற்றியவை. சரி, இந்தப் பகுதி முழுக்க அதற்கே என்று வைத்துக்கொண்டேன்.

*

கேள்வி: டெக்சாஸ் சுதந்திரத்தை அறிவித்த பிறகுதான் அலமோ முற்றுகை தொடங்கியது என்று எழுதியிருந்தீர்கள். தப்பு என்கிறான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் பேரன். யார் சொல்வது சரி?
(ஓய்வுபெற்ற தபால்காரர், சங்கரன்கோவில்)

பதில்: பேரன்தான் சரி. 31 வருஷம் வரலாறு எடுத்தவள் இப்படிச் சறுக்கியிருக்கக் கூடாது. முற்றுகை தொடங்கியது 1836 பிப்ரவரி 23. சுதந்திர அறிவிப்பு மார்ச் 2. அலமோ விழுந்தது மார்ச் 6 விடியற்காலை. வாஷிங்டன்-ஆன்-த-பிராசோஸ் என்ற சிற்றூரில் 59 பிரதிநிதிகள் கூடிக் கையெழுத்துப் போட்டபோது அலமோவுக்குள் இருந்தவர்கள் ஒரு வாரமாகக் குண்டடி பட்டுக்கொண்டிருந்தார்கள். தாங்கள் தனி நாடு ஆகிவிட்டோம் என்ற செய்தி தெரியாமலே அவர்கள் செத்தார்கள்.

வெறும் தேதிச் சண்டை என்று இதை விட்டுவிட முடியாது. 1835 அக்டோபரில் சண்டை தொடங்கியபோது பெரும்பாலோர் கேட்டது தனி நாடு இல்லை. 1824-ல் மெக்சிகோ எழுதிய அரசியல் சட்டம் மாநிலங்களுக்குத் தனி உரிமை கொடுத்திருந்தது. அதிபர் சான்டா அன்னா அதைக் கலைத்துவிட்டு எல்லா அதிகாரத்தையும் தலைநகருக்கு இழுத்தார். "பழைய சட்டத்தைத் திரும்பக் கொடு" என்பதுதான் முதல் கோரிக்கை. தனி நாடு என்பது ஐந்து மாதத்தில் ஏறிய சூடு.

*

கேள்வி: என் மகன் ஹூஸ்டனில் வேலை பார்க்கிறான், அவன் நண்பன் ஆஸ்டினில். இவை ஆள் பெயர்கள் என்கிறான். அப்படியா? யார் இவர்கள்?
(இல்லத்தரசி, ஸ்ரீரங்கம்)

பதில்: ஆமாம் அம்மா, இரண்டும் ஆள் பெயர்தான். ஒரே தேர்தலில் எதிரெதிரே நின்ற ஆட்கள்.

முதலில் ஆஸ்டின். கதையைத் தொடங்கியது அவருடைய அப்பா மோசஸ். மிசூரியில் ஈயச் சுரங்கம் வைத்துப் பணக்காரராக இருந்தவர், 1819-ல் அமெரிக்காவில் வந்த பெரும் பணமுடையில் நொடித்துப்போனார். கடன் தீர வழி தேடி, அப்போது ஸ்பெயின் கையில் இருந்த டெக்சாஸுக்குப் போய், 300 குடும்பங்களைக் குடியேற்ற 1821 ஜனவரியில் அனுமதி வாங்கினார். ஊர் திரும்பியவர் ஜூன் மாதம் இறந்துவிட்டார். அப்பா விட்டுப்போன வேலை 27 வயது மகன் ஸ்டீபன் தலையில் விழுந்தது. அவரை எதிர்கொண்டு அழைத்துவர சான் அன்டோனியோவிலிருந்து எராஸ்மோ செகின் என்ற உள்ளூர்ப் பெரியவர் போனார். இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிக் கேள்வியில் திரும்ப வருவார்.

வழியிலேயே செய்தி வந்தது: ஸ்பெயினின் ஆட்சி முடிந்தது, மெக்சிகோ தனி நாடு. அனுமதி கொடுத்த அரசே இல்லை! ஸ்டீபன் ஆஸ்டின் மெக்சிகோ நகரத்துக்குப் போய், ஸ்பானிய மொழியைக் கற்றுக்கொண்டு, ஏறக்குறைய ஒரு வருஷம் அங்கேயே கிடந்து, அரசு மாறி மாறி அமைந்தாலும் விடாமல் அதே அனுமதியை மறுபடி வாங்கினார். பட்டா மாறுதலுக்கு அலைந்தவர்களுக்கு இந்த மனிதரை நிச்சயம் பிடிக்கும். கையெழுத்தைக்கூட "எஸ்தேவான்" என்று ஸ்பானியப் பாணியில் போட ஆரம்பித்தார்.

இந்த வேலைக்கு எம்ப்ரெசாரியோ என்று பெயர். நம் கங்காணி நினைவுக்கு வரலாம். ஆனால் கங்காணி கூலிக்கு ஆள் கூட்டிப்போனவர், இவர் நிலம் தருகிறேன் என்று ஆள் கூட்டிவந்தவர். நிலம் என்றால் சாதாரண நிலமா? மாடு வளர்க்கிற குடும்பத்துக்கு 4,428 ஏக்கர், உழவும் செய்தால் கூடவே 177 ஏக்கர். அதே காலத்தில் அமெரிக்காவில் அரசு நிலம் ஏக்கர் ஒண்ணேகால் டாலர், குறைந்தது 80 ஏக்கர், முழுப் பணமும் ரொக்கம். 4,428 ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் 5,500 டாலருக்கு மேல். மெக்சிகோவில் அதற்கு வெறும் கட்டணம்தான். பதிலுக்கு அவர்கள் மெக்சிகோ குடிமக்களாக வேண்டும், கத்தோலிக்கராக வேண்டும். மதமாற்றம் பெயரளவில்தான். மல்டூன் என்ற அயர்லாந்துப் பாதிரியார் பெரிதாக எதுவும் கேட்காமல் ஞானஸ்நானம் கொடுத்ததால், இப்படி மாறியவர்களை "மல்டூன் கத்தோலிக்கர்" என்றே கிண்டலடித்தார்கள்.

ஆஸ்டின் சண்டைக்காரர் இல்லை, மனு எழுதுகிறவர். 1833-ல் டெக்சாஸைத் தனி மாநிலமாக்கக் கோரும் மனுவோடு மெக்சிகோ நகரம் போனார். காரியம் இழுத்தடித்தது. பொறுமையின் உருவமான மனிதருக்கு ஒரே ஒரு நாள் பொறுமை போயிற்று. அக்டோபர் 2 அன்று சான் அன்டோனியோ நகர சபைக்கு, "அனுமதிக்குக் காத்திருக்காமல் மாநில அரசை அமைக்க ஆரம்பியுங்கள்" என்ற பொருளில் ஒரு கடிதம் போட்டுவிட்டார். அது அதிகாரிகள் கைக்குப் போய், ஊர் திரும்பும் வழியில் சால்டில்லோவில் 1834 ஜனவரி 3 அன்று கைதானார். பழைய மதவிசாரணை மன்றத்துச் சிறையில் போட்டார்கள். வெளியே வந்து டெக்சாஸைத் தொட்டபோது 1835 செப்டம்பர் ஆகிவிட்டது. சமாதானம் பேசப் போனவர், சண்டையைத் தவிர வேறு வழியில்லை என்கிற ஆளாகத் திரும்பினார். கடிதம் எழுதிய தேதிக்குச் சரியாக இரண்டு வருஷம் கழித்து, அதே அக்டோபர் 2-ல், கான்சாலஸ் என்ற ஊரில் போரின் முதல் துப்பாக்கி வெடித்தது.

இனி ஹூஸ்டன். ஆஸ்டினுக்கு நேர் எதிர். குடி, கோபம், ஆறடிக்கு மேல் உயரம், கண்ணைப் பறிக்கிற உடை. 16 வயதில் வீட்டை விட்டு ஓடி செரோக்கி என்ற செவ்விந்திய மக்களோடு வாழ்ந்தவர். அவர்கள் வைத்த பெயருக்கு "அண்டங்காக்கை" என்று பொருள். பிறகு டென்னசி மாநில ஆளுநரானார். கல்யாணமான சில வாரங்களிலேயே மனைவி பிரிந்துபோக, 1829-ல் ஆளுநர் பதவியைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி செரோக்கிகளிடமே போய்விட்டார். ஏன் பிரிந்தார்கள் என்று இரண்டு பேரும் வெளியே சொல்லவில்லை. 1832-ல் வாஷிங்டன் நகரத் தெருவில் ஒரு காங்கிரஸ் உறுப்பினரைக் கைத்தடியால் அடித்து வழக்கானது. அந்த வருஷக் கடைசியில்தான் டெக்சாஸ் வந்தார். சுதந்திர அறிவிப்பு நடந்த மார்ச் 2 அவருடைய 43-வது பிறந்தநாள்.

போர் முடிந்து 1836 செப்டம்பரில் நடந்த அதிபர் தேர்தலில் ஹூஸ்டனுக்கு 5,119 ஓட்டு. 15 வருஷம் அந்த மண்ணுக்காக அலைந்த ஆஸ்டினுக்கு 587. மூன்றாவது வேட்பாளரை விடவும் குறைவு. ஜெயித்தவர் தோற்றவரை வெளியுறவு அமைச்சர் ஆக்கினார். அந்த டிசம்பர் 27 அன்று நிமோனியாவில் ஆஸ்டின் காலமானார். வயது 43. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தலைநகரத்துக்கு அவர் பெயர், அதுவும் 1839-ல்.

உங்கள் மகன் ஹூஸ்டனிலிருந்து டல்லாஸுக்குக் காரில் போனால் ஹன்ட்ஸ்வில் அருகே 67 அடி உயரத்தில் வெள்ளை வெளேரென்று ஹூஸ்டன் நிற்பார். ஆஸ்டினுக்கும் ஆங்கிள்டன் என்ற ஊரில் பெரிய சிலை உண்டு. அவருடைய கல்லறைத் தோட்டத்திலும் ஒரு சிலை உண்டு. நான் கல்லறைத் தோட்டத்துக்குப் போன அன்று என்னையும் மகளையும் தவிர அணில்கள்தான் இருந்தன.

*

கேள்வி: ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதானே இது? இதைப் போய் விடுதலைப் போர் என்கிறீர்களே!
(கல்லூரி மாணவி, தேனி)

பதில்: பழமொழியை அழகாகப் பொருத்தினாய் அம்மா. ஆனால் அங்கே ஊர்ப் பிடாரி யார்? மெக்சிகோவா? டெக்சாஸின் பெரும்பகுதியில் கோமான்சிகள் என்ற செவ்விந்தியர்கள்தான் அதிகாரம் செலுத்தினார்கள். மெக்சிகோ குடியேறிகளை அழைத்ததற்கு ஒரு காரணமே, தனக்கும் கோமான்சிகளுக்கும் நடுவே ஒரு மனித வேலி வேண்டும் என்பது. வேலியே பயிரை மேய்ந்தது என்று நீ சொன்னால் மறுக்க மாட்டேன்.

குடியேறிகளின் குறைகள் எல்லாம் பொய் என்றும் சொல்ல முடியாது. சான்டா அன்னாவை எதிர்த்துக் கிளம்பியது அவர்கள் மட்டும் இல்லை. மெக்சிகோ மாநிலமான சகடேகாஸும் எதிர்த்தது, 1835 மே மாதம் அதை அவர் நசுக்கினார். டெக்சாஸ் சுதந்திர அறிவிப்பில் கையெழுத்துப் போட்ட லொரென்சோ தே சவாலா யுகடானில் பிறந்த மெக்சிகோக்காரர், 1824 அரசியல் சட்டத்திலேயே கையெழுத்துப் போட்டவர், பாரிஸில் தூதராக இருந்தவர். டெக்சாஸின் முதல் துணை அதிபர் அவர்தான்.

ஆனால் பள்ளிப் பாடப் புத்தகங்கள் மெதுவாகக் கடந்துபோகிற ஒன்று உண்டு. பருத்தியும் அடிமைகளும். ஆஸ்டினின் முதல் திட்டத்திலேயே, கூட்டிவரும் ஒவ்வொரு அடிமைக்கும் 80 ஏக்கர் கூடுதல் நிலம். 1825-ல் எடுத்த கணக்கில் அவருடைய குடியேற்றத்தில் 1,790 பேர், அதில் 443 பேர் அடிமைகள். மெக்சிகோ அடிமை முறையை விரும்பவில்லை. டெக்சாஸ் அடங்கிய மெக்சிகோ மாநிலத்தின் அரசியல் சட்டம் 1827-ல் அடிமைகளை இறக்குமதி செய்யத் தடை போட்டது. உடனே 99 வருஷ வேலை ஒப்பந்தம் என்று ஒரு காகிதத்தில் கைரேகை வாங்கிக் கூட்டிவந்தார்கள். பெயர் ஒப்பந்தம், உள்ளே அதே சங்கிலி. 1829-ல் அதிபர் கெரேரோ அடிமை முறையையே ஒழித்து ஆணையிட்டார், டெக்சாஸுக்கு விலக்கு வாங்கினார்கள். 1830 ஏப்ரல் 6 சட்டம் அமெரிக்காவிலிருந்து வரும் குடியேற்றத்தையே நிறுத்தியது. அதற்கப்புறமும் ஆட்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். ஆமாம், எல்லை தாண்டி அனுமதியில்லாமல் வந்தவர்கள் அன்றைக்கு அமெரிக்கர்கள்!

போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1836 மார்ச்சில், புது டெக்சாஸ் குடியரசு எழுதிய அரசியல் சட்டம் எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. ஆப்பிரிக்க வம்சத்தவருக்கும் செவ்விந்தியருக்கும் குடியுரிமை இல்லை. விடுதலையான கறுப்பினத்தவர்கூட காங்கிரஸின் சம்மதம் இல்லாமல் குடியரசில் வசிக்க முடியாது.

செரோக்கிகள் கதை இன்னும் மோசம். அலமோ முற்றுகை தொடங்கிய அதே பிப்ரவரி 23 அன்று ஹூஸ்டன் கிழக்கு டெக்சாஸில் அவர்களோடு ஒப்பந்தம் போட்டார்: நீங்கள் போரில் சேராதீர்கள், உங்கள் நிலம் உங்களுக்கே. போர் முடிந்த பிறகு டெக்சாஸ் செனட் அதை ரத்து செய்தது. அடுத்த அதிபர் லமார் 1839-ல் படை அனுப்பி அவர்களை விரட்டினார். 80 வயது தாண்டிய தலைவர் பௌல்ஸ் அந்தச் சண்டையில் கொல்லப்பட்டார். அப்போது அவரிடம் ஹூஸ்டன் பரிசாகக் கொடுத்த வாள் இருந்தது.

*

கேள்வி: ஒரே ஒரு பீரங்கிக்காகவா போர் வந்தது?
(எட்டாம் வகுப்பு மாணவன், விருதுநகர்)

பதில்: தொடங்கியது அதற்காகத்தான் தம்பி. கோமான்சிகளைப் பயமுறுத்த 1831-ல் மெக்சிகோ அரசே கான்சாலஸ் ஊருக்குக் கடனாகக் கொடுத்த சின்ன பீரங்கி அது. 1835-ல் நிலைமை சரியில்லை என்று திருப்பிக் கேட்டார்கள். ஊர்க்காரர்கள் வெள்ளைத் துணியில் பீரங்கிப் படம் வரைந்து "வந்து எடுத்துக்கொள்" என்று எழுதிக் கொடியாகப் பிடித்தார்கள். சண்டை சிறியதுதான், படை திரும்பிப் போய்விட்டது. அந்தக் கொடியை இப்போது டெக்சாஸில் டீ-சட்டை, காபிக் கோப்பை, கார் பின்கண்ணாடி எல்லாவற்றிலும் பார்க்கலாம்.

*

கேள்வி: அலமோவில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை என்கிறார்கள். அப்படியானால் உள்ளே நடந்ததை வெளியே யார் சொன்னது?
(வழக்கறிஞர், நாகர்கோவில்)

பதில்: வக்கீல் என்றால் சாட்சி எங்கே என்றுதானே கேட்பீர்கள்! ஆயுதம் ஏந்திய ஆண்கள்தான் செத்தார்கள். பெண்கள், குழந்தைகள், ஓர் அடிமை என்று பலர் பிழைத்தார்கள்.

உள்ளே தளபதி 26 வயது வில்லியம் டிராவிஸ். அலபாமாவில் கடனையும், குழந்தையையும், கர்ப்பிணி மனைவியையும் விட்டுவிட்டு 1831-ல் டெக்சாஸுக்கு ஓடிவந்த வக்கீல். (உங்கள் தொழில்தான் ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள்.) சான்டா அன்னா சான் ஃபெர்னாண்டோ தேவாலயக் கோபுரத்தில் சிவப்புக் கொடி ஏற்றினார். சரணடைந்தாலும் உயிர்ப்பிச்சை இல்லை என்று அதற்குப் பொருள். டிராவிஸ் பீரங்கியால் பதில் சொன்னார். மறுநாள் அவர் எழுதி அனுப்பிய கடிதம் "வெற்றி அல்லது மரணம்" என்று முடிகிறது. உதவி கேட்டு எழுதிய அந்தக் கடிதங்களுக்கு வந்த பலன், மார்ச் 1 அன்று கான்சாலஸிலிருந்து எதிரிகளின் வளையத்தைத் தாண்டி உள்ளே நுழைந்த 32 பேர். வெளியே வருவதற்காக இல்லை, உள்ளே போவதற்காக வளையத்தைத் தாண்டியவர்கள். வீரர் பட்டியலில் என் ஓட்டு இவர்களுக்குத்தான்.

சாட்சிக்கு வருகிறேன். பீரங்கிப்படை அதிகாரியின் மனைவி சுசானா டிக்கின்சன், கையில் குழந்தை ஏஞ்சலினா. தன் மோதிரத்தை டிராவிஸ் நூலில் கோத்து அந்தக் குழந்தையின் கழுத்தில் மாட்டிவிட்டாராம். சுசானாவை சான்டா அன்னா கொல்லவில்லை, "எதிர்த்தால் இதுதான் கதி" என்று ஹூஸ்டனிடம் போய்ச் சொல்ல அனுப்பினார். எழுதப் படிக்கத் தெரியாத பெண், கேட்டவர்களிடமெல்லாம் வாயால் சொன்னார். பிற்காலத்தில் அவர் வாழ்ந்த வீடு ஆஸ்டின் நகர நடுவில், வானளாவிய ஓட்டல்களுக்குக் கீழே, ஒரு சின்ன அருங்காட்சியகமாக இருக்கிறது. நம் ஊர் ஓட்டு வீட்டை விடச் சிறியது.

இன்னொரு சாட்சி டிராவிஸின் அடிமை. ஜோ என்ற பெயர் மட்டும்தான், குடும்பப் பெயர் யாரும் எழுதி வைக்கவில்லை. வயது இருபதை ஒட்டி. டிராவிஸ் வடக்கு மதிலில் ஆரம்பத்திலேயே குண்டடி பட்டு விழுந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். மார்ச் 20 அன்று புது அரசின் அமைச்சர்கள் முன் நின்று நடந்ததைச் சொன்னார். நிதானமாகச் சொன்னார் என்று கேட்டவர் ஒருவர் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். சொல்லி முடித்த பிறகு என்ன செய்தார்கள்? டிராவிஸின் சொத்தோடு சொத்தாக அவரையும் நிர்வாகியிடம் ஒப்படைத்தார்கள். டெக்சாஸ் போரில் வென்ற நாளின் முதல் ஆண்டு விழாவில், 1837 ஏப்ரல் 21, ஜோ தப்பி ஓடினார். பிடித்துக்கொடுத்தால் 50 டாலர் என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது.

டெஹானோக்கள், அதாவது ஸ்பானிய மொழி பேசும் டெக்சாஸ்காரர்கள், உள்ளேயும் இருந்தார்கள். கிரெகோரியோ எஸ்பார்சா மனைவி மக்களோடு உள்ளே இருந்து செத்தார். அவருடைய தம்பி எதிர்த்தரப்பு ஆள் என்பதால், அவர் உடலை மட்டும் எடுத்து அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. மற்ற உடல்களை அடுக்கி எரித்துவிட்டார்கள். கிரெகோரியோவின் மகன் என்ரிகே கிழவரான பிறகு 1900-களில் பத்திரிகைக்காரர்களிடம் அந்த இரவைச் சொன்னார்.

*

கேள்வி: டேவி க்ராக்கெட் கடைசிக் குண்டு வரை சண்டை போட்டுச் செத்தாரா, பிடிபட்டுச் செத்தாரா?
(மருந்துக்கடை உரிமையாளர், காரைக்குடி)

பதில்: இதைச் சத்தமாகக் கேட்டால் சான் அன்டோனியோவில் இன்றும் சண்டை வரும். மெக்சிகோ அதிகாரி தே லா பெஞ்யாவின் குறிப்புகள், க்ராக்கெட் அலமோவில் பிடிபட்டுக் கொல்லப்பட்டார் என்கின்றன. அந்தக் கையெழுத்துப் பிரதி 1998-ல் ஏலத்தில் 3,87,500 டாலருக்குப் போனது. க்ராக்கெட் டென்னசியின் காங்கிரஸ் உறுப்பினராக இருந்து 1835 தேர்தலில் தோற்றவர், டெக்சாஸ் வந்து இரண்டு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. எப்படிச் செத்திருந்தாலும் செத்தது அலமோவில்தான். எனக்கு அது போதும்.

*

கேள்வி: சான் ஜசின்டோ போர் 18 நிமிடத்தில் முடிந்ததாமே! சான்டா அன்னா தூங்கிக்கொண்டிருந்தாராமே, ஒரு பெண்ணோடு இருந்தாராமே?
(பெயர் வேண்டாம், சேலம்)

பதில்: பெயர் வேண்டாம் என்று எழுதும்போதே கேள்வியின் எந்தப் பாதியில் ஆர்வம் என்று தெரிகிறது. பெண் கதைக்கு அன்றைய நேரடி சாட்சி இல்லை. தூக்கம் உண்மைதான்.

அலமோவுக்கு அப்புறம் கோலியாட் என்ற ஊர். அங்கே சரணடைந்த டெக்சாஸ் தளபதி ஃபானினின் படையினரை, மார்ச் 27 குருத்தோலை ஞாயிறு அன்று, சான்டா அன்னாவின் உத்தரவுப்படி 340-க்கும் மேற்பட்டவர்களைச் சுட்டுக்கொன்றார்கள். அவர்களைப் பிடித்த மெக்சிகோ தளபதி உர்ரேயா அவர்களுக்காகப் பரிந்து எழுதியும் பயனில்லை. இதைக் கேட்டு மொத்தக் குடியேற்றமும் மாட்டுவண்டியும் கையுமாகக் கிழக்கே ஓடியது. மழை, சேறு, காய்ச்சல். ஹூஸ்டனும் ஓடினார். ஐந்து வாரம் பின்வாங்கிக்கொண்டே இருந்தார், கோழை என்று சொந்தப் படையே முணுமுணுத்தது. சான்டா அன்னா அவசரப்பட்டுத் தன் படையைப் பிரித்து முன்னே வரும்வரை அவர் காத்திருந்தார் என்று நான் நினைக்கிறேன். காத்திருந்தாரா, அதிர்ஷ்டம் அடித்ததா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

ஏப்ரல் 21 காலை, போரை முடித்துவைத்த சான் ஜசின்டோவில், மெக்சிகோப் படைக்குத் துணைப்படை வந்து சேர்ந்தது. இரவெல்லாம் நடந்த களைப்பில் அவர்கள் படுத்துவிட்டார்கள். எதிரே காவல்கூடச் சரியாகப் போடவில்லை. ஹூஸ்டனின் ஒற்றர் டெஃப் ஸ்மித், காது மந்தமானவர், தப்பிக்கிற வழியான பாலத்தை அழித்துவிட்டு வந்தார். பிற்பகலில் சுமார் 900 பேர் உயர்ந்த புல்லுக்குள் நடந்து போய்ப் பாய்ந்தார்கள். போர் 18 நிமிடம். ஆனால் கொலை அதற்கப்புறமும் நின்றபாடில்லை. தண்ணீரில் குதித்து "அலமோவில் நான் இல்லை" என்று கெஞ்சியவர்களையும் விடவில்லை. மெக்சிகோ தரப்பில் 630 பேர் செத்தார்கள், 730 பேர் கைதானார்கள். டெக்சாஸ் தரப்பில் ஒன்பது பேர். ஹூஸ்டனுக்குக் கணுக்காலில் குண்டு.

மறுநாள் புல்லுக்குள் ஒளிந்திருந்த ஒருவரைச் சாதாரணச் சிப்பாய் என்று பிடித்துவந்தார்கள். மெக்சிகோ கைதிகள் எழுந்து "எல் பிரெசிதென்தே" (அதிபர்) என்று மரியாதை செய்ததில் குட்டு உடைந்தது. அவரைத் தூக்கில் போடு என்று படை கத்தியது. மரத்தடியில் புண்ணோடு படுத்திருந்த ஹூஸ்டன் மறுத்துவிட்டார். செத்த சான்டா அன்னாவால் மெக்சிகோ படைகளைத் திருப்பி அனுப்ப முடியாதே!

*

கேள்வி: சான்டா அன்னாவின் கால் அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருக்கிறதாமே?
(ஆட்டோ ஓட்டுநர், மதுரை)

பதில்: நிஜக் கால் இல்லை அண்ணாச்சி, கட்டைக்கால். 1838-ல் வெராக்ரூஸில் பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த சண்டையில் காலை இழந்தார். மறுபடி அதிபரானதும் அந்தக் காலுக்கு 1842-ல் ராணுவ மரியாதையோடு இறுதி ஊர்வலம் நடத்திப் புதைத்தார். அமெரிக்காவோடு 1847-ல் நடந்த போரில் அவர் விட்டு ஓடிய கட்டைக்கால் இல்லினாய்ஸ் வீரர்கள் கையில் சிக்கியது, இன்றும் அங்கேதான் இருக்கிறது. இன்னொன்று: கிழவயதில் நியூயார்க் பக்கம் நாடு கடந்து இருந்தபோது, ரப்பருக்கு மாற்றாக விற்கலாம் என்று சிக்லே என்ற மரப்பிசினைக் கொண்டுபோனார். ரப்பர் ஆகவில்லை. அதை வாங்கிப் பார்த்த தாமஸ் ஆடம்ஸ் சூயிங் கம் ஆக்கிவிட்டார். நாம் சின்ன வயதில் மென்ற சிக்லெட்டின் பெயர் அந்தப் பிசினிலிருந்து வந்ததுதான்.

*

கேள்வி: இத்தனை பேரில் உங்களுக்குப் பிடித்தவர் யார் டீச்சர்? ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள்.
(முன்னாள் மாணவி, பாளையங்கோட்டை)

பதில்: ஹுவான் செகின். நான் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன எராஸ்மோவின் மகன்.

ஆஸ்டினை எல்லையிலிருந்து கூட்டிவந்து சான் அன்டோனியோவில் அறிமுகம் செய்துவைத்தது அப்பா. மகன் 1806-ல் அந்த ஊரிலேயே பிறந்தவர். சான்டா அன்னாவின் சர்வாதிகாரம் பிடிக்காமல் டெஹானோ குதிரைப்படை திரட்டிக் குடியேறிகளோடு சேர்ந்தார். அலமோவுக்குள் இருந்தார். உதவி கேட்டு இரவில் வெளியே அனுப்பியதால் பிழைத்தார். சான் ஜசின்டோவில் தன் ஆட்களைச் சண்டையில் சேர்க்கத் தயங்கினார்கள், குழப்பத்தில் நம் ஆட்களே இவர்களைச் சுட்டுவிடுவார்களே என்று. அடையாளத்துக்குத் தொப்பியில் அட்டைத்துண்டைச் செருகிக்கொண்டு போரில் இறங்கினார்கள். சொந்த மண்ணில் சண்டை போட அட்டை செருக வேண்டியிருந்தது. இந்த இடம் வந்தால் எனக்கு மேலே படிக்க முடியாது.

அடுத்த வருஷம் பிப்ரவரியில் அலமோ சாம்பலைத் திரட்டி அடக்கம் செய்தது அவர்தான். குடியரசின் செனட்டர் ஆனார், சான் அன்டோனியோ மேயர் ஆனார். அதற்குள் கிழக்கிலிருந்து புதிது புதிதாக ஆட்கள் வந்து குவிந்தார்கள். அவர்களுக்கு இவர் யார் என்று தெரியாது. ஸ்பானிய மொழி பேசினால் மெக்சிகோக்காரன், மெக்சிகோக்காரன் என்றால் எதிரி. துரோகி என்று வதந்தி கிளப்பினார்கள், கொல்வோம் என்றார்கள். 1842-ல் குடும்பத்தோடு மெக்சிகோவுக்கு ஓடினார். அங்கே அவரைப் பிடித்து, சிறையா படையா என்று கேட்டார்கள். அந்த செப்டம்பரில் சான் அன்டோனியோவைப் பிடிக்க வந்த மெக்சிகோப் படையில், மேயராக இருந்த அதே ஊருக்குள் எதிரியாக நுழைந்தார். பிற்பாடு டெக்சாஸ் திரும்பி 1858-ல் எழுதிய நினைவுக்குறிப்பில், பிறந்த மண்ணிலேயே அந்நியனாகிவிட்டேன் என்கிறார். 1890-ல் எல்லைக்கு அந்தப்பக்கம் நுவேவோ லரேடோவில் இறந்தார்.

அவர் உயிரோடு இருக்கும்போதே, 1839-ல், டெக்சாஸில் ஓர் ஊருக்கு அவர் பெயர் வைத்திருந்தார்கள். துரத்திய பிறகும் பெயரை எடுக்கவில்லை. அவருடைய எலும்புகள் 1974-ல்தான் மெக்சிகோவிலிருந்து அந்த ஊருக்கு வந்தன, 1976 ஜூலை 4 அன்று அடக்கம் செய்தார்கள். சான் அன்டோனியோவிலிருந்து அரைமணி நேரக் கார்ப் பயணம். நானும் மகளும் வழி தெரியாமல் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தி, "செகின் கல்லறைக்கு எப்படிப் போக வேண்டும்?" என்று ஸ்பானிய உச்சரிப்பில் கவனமாகக் கேட்டோம். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. மூன்றாவது தடவை சொன்னபோது முகம் மலர்ந்து, "ஓ, சகீனா!" என்றார்.